ஆத்தங்குடிக் கல் வேண்டுமா, பட்டறைக்கே போங்கள்

வீட்டு நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள நடைக்குத் தரை மாற்ற வேண்டும் என்றதும், கொத்தனார் முதலில் நீட்டியது ஆத்தங்குடிப் பூவை அச்சடித்த செராமிக் டைல்ஸ். விலை குறைச்சல், நாளைக்கே வந்து இறங்கிவிடும் என்றார். பத்துக் கல்லை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பத்திலும் அதே பூ, அதே இடத்தில் அதே புள்ளி. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தருகிறவன் நான். அதை என் வீட்டில் பதிக்க மனசு வரவில்லை. அசல் பூக்கல்லைக் கையாலேயே வார்க்கிற செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

நான் ஆர்டர் கொடுத்தது ஒரு சின்னப் பட்டறை. மேலே தகரக் கொட்டகை, ஓரமாகத் தண்ணீர்த் தொட்டி, சுவரில் சாய்த்துவைத்த கண்ணாடித் தகடுகள், அவ்வளவுதான். ஷோரூம் எதுவும் இல்லை. ஆனால் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார்கள். துடைத்த கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. கல் வார்க்கிறவர் ஆக்சைடு நிறப்பொடி கலந்த சிமெண்ட் பாலைச் சின்னக் கரண்டியால் மொண்டு அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்குகிறார். அந்த ஒரு நொடியில் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு, கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் அழுத்தி மட்டம் பார்க்கிறார். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. காய்ந்த பின் தண்ணீரில் ஊறப்போட்டு, திரும்பவும் காயவைத்துக் கண்ணாடியைக் கழற்றினால் முகம் பார்க்கலாம் போல மினுக்கம். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் கல்லின் மேல்பக்கம். அதாவது அவர் பூவைத் தலைகீழாகவே போட்டுக்கொண்டிருக்கிறார், கல் பெயர்ந்து வரும்வரை முழுசாகப் பார்க்காமலே.

எங்கள் ஊர்ப் பனைமரமும் கண்மாய்க் கரையும் வருகிற மாதிரி நானே ஒரு டிசைன் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அச்சுப் போடுகிறவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சார், ஓலை ரொம்ப நெருக்கமா இருக்கு. அச்சைத் தூக்கும்போது ரெண்டு கலரும் ஓடிரும். ஏழு ஓலையை அஞ்சாக்குங்க, மரம் அப்பத்தான் நிக்கும்” என்றார். அங்கேயே பென்சிலை வாங்கி வரைந்தும் காட்டினார். மரம் அப்போதுதான் மரமாக இருந்தது. சொந்த டிசைனுக்கு அச்சுக் கூலி தனி. அந்தக் காசு முழுக்கத் தகும்.

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் பற்றி வகுப்பில் சொல்லுவேன். 1929-இல் நியூ மெக்சிகோ பாலையில் தங்கி வரையத் தொடங்கி, 1949-இல் அங்கேயே குடியேறிவிட்டவர். செங்குன்றுகளையும் வெயிலில் வெளுத்த எலும்புகளையும் அங்கே நிறைய வரைந்தார். அதே வறண்ட நாட்டில், சான் இல்டெஃபோன்சோ என்ற ஊரில், மரியா மார்டினெஸ் உள்ளூர்க் களிமண்ணில் கையாலேயே பானை வனைவார், கணவர் ஜூலியன் அதில் கோலம் தீட்டுவார். கருப்பின் மேல் கருப்பாக வந்த அந்தப் பானை உலகப் புகழ் பெற்றது. மரியா தொழிலைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் ஊராருக்கும் கற்றுக்கொடுத்தார். ஊரே பானை செய்து பிழைத்தது. அவர்களையெல்லாம் கலைஞர்கள் என்று சொல்லித்தருகிறோம். மழைக்கு ஏங்கும் நம் சீமையில், உள்ளூர் மணலை வைத்துத் தலைமுறையாகப் பூப் போடுகிறவரை மட்டும் ‘கல் போடுற ஆளு’ என்கிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த முறை பிள்ளைகளைப் பட்டறைக்கே அழைத்துப்போகப் போகிறேன்.

சிரமங்களும் உண்டு. வெயிலை நம்பிய தொழில் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் ஆர்டர் கொடுத்தால் தேதி தள்ளும். எனக்கும் தள்ளியது. கல் கனமானது, லாரியில் மூலை உடையும், தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே வாங்குங்கள். ஒரு வார்ப்புச் சிவப்புக்கும் அடுத்த வார்ப்புச் சிவப்புக்கும் லேசாக வித்தியாசம் இருக்கும். அதனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் போடச் சொல்லிவிடுங்கள். பதிக்கிற கொத்தனார் இந்தக் கல்லில் பழகியவரா என்று கட்டாயம் விசாரியுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டார்கள், பூ வெளுத்துப்போனது. வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். எங்கள் ஆச்சி மட்டும் விசேஷ நாளில் தேங்காய் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைப்பார். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

விலையைச் சதுர அடிக்குச் சொல்வார்கள், வண்டிக் கூலி வேறு. அச்சடித்த டைல்ஸைவிடக் கூடத்தான் ஆகும். பேரம் பேசுகிறவர்கள் ஒரு கல் வார்த்து முடிகிறவரை நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். நான் போன பட்டறையில் மதியத்துக்கு மேல் வார்ப்பு நடப்பதில்லை. உங்கள் அறையின் நீள அகலத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால், பார்டர் கல் எத்தனை, நடுக்கல் எத்தனை என்று அவர்களே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.