நாடிச் சதைக்கு எது சரி: லிப்போவா, ஊசியா, குளிர் மெஷினா?

பெங்களூரில் இந்திரா நகர், ஜெயநகர், ஹெச்.எஸ்.ஆர். லே-அவுட் என்று எந்தப் பக்கம் போனாலும் டபுள் சின்னுக்கு நாலைந்து சிகிச்சைகளை அடுக்குவார்கள். கிளினிக்கில் எந்த மெஷின் இருக்கிறதோ, அதையே உங்களுக்குப் பொருத்தமானது என்று சொல்லிவிடும் வாய்ப்பும் அதிகம். அதனால் பணம் கட்டும் முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். நாடிக்குக் கீழே தெரிவது கொழுப்பா, தளர்ந்த தோலா, தசையா, உமிழ்நீர்ச் சுரப்பியா, அல்லது தாடை எலும்பே உள்வாங்கியிருப்பதால் வரும் தோற்றமா? சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான். கத்திக்குப் பயப்படுவதையும் தீபாவளித் தள்ளுபடியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கழுத்தின் முன்பக்கத்தில் தோலுக்குக் கீழே ஒரு கொழுப்பு அடுக்கு. அதற்கும் கீழே பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசை. அந்தத் தசைக்கு அடியிலும் கொழுப்பு உண்டு, சுரப்பிகளும் உண்டு. லிப்போ (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது), ஊசி, குளிர் மெஷின் மூன்றும் தசைக்கு மேலே உள்ள அடுக்கை மட்டுமே தொடும். உங்களுக்கு எந்த அடுக்கு என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, நாடிக்கடியில் உள்ள சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடியுங்கள். பிடியை விடாமல், கீழ்ப்பல் தெரியும்படி உதட்டைக் கீழே இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க இறுக்குங்கள். கைக்குள் இருக்கும் கனம் அப்படியே நின்றால் கொழுப்பு தசைக்கு மேலே இருக்கிறது. கனம் நழுவிப்போய் வெறும் தோல் மட்டும் விரலில் மிஞ்சினால், பிரச்சினை தசைக்குக் கீழே. அங்கே இந்த மூன்றில் எதற்குச் செலவழித்தாலும் பலன் சொற்பம்தான். அடுத்து, தோலைக் கிள்ளி இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குப் போனால் நல்லது. மெதுவாகத் திரும்பினால் கொழுப்பை எடுத்த பிறகு தோல் தொங்கும்.

இன்னொன்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கழுத்தின் நடுவில், குரல்வளைக்குக் கீழே வீக்கம் இருந்து, எச்சில் விழுங்கும்போது அது மேலேறி இறங்கினால் அது பெரும்பாலும் தைராய்டு வீக்கம். அழகு சிகிச்சைக்கு முன் அல்ட்ராசவுண்டும் ரத்தப் பரிசோதனையும் தேவை.

லிப்போசக்‌ஷன்

தோல் இறுக்கமாக இருந்து, கொழுப்பு தசைக்கு மேலே இருந்தால், எங்கள் கணிப்பில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒரே நாளில் முடியும். எடுத்த கொழுப்பை டாக்டர் கண்ணால் பார்க்கிறார், எங்கே நிறுத்துவது என்று கையால் உணர்கிறார். மற்ற முறைகளில் உடம்பு எவ்வளவு கரைக்கும் என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

உட்கார வைத்துத்தான் குறியிட வேண்டும். படுக்க வைத்தால் கொழுப்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், குறியும் தப்பாகிவிடும். நாடி மடிப்பில் ஒன்று, இரண்டு காது மடல்களுக்குப் பின்னால் ஒவ்வொன்று என மூன்று துளைகள், ஒவ்வொன்றும் 3 முதல் 4 மி.மீ. அதற்குள் சலைன், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், அட்ரினலின், சோடியம் பைகார்பனேட் கலந்த கரைசலை 100 முதல் 200 மி.லி. வரை செலுத்துவார்கள். இது அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987-ல் வெளியிட்ட டியூமசென்ட் முறை. இந்த முறையில் லிக்னோகெய்னுக்குப் பரவலாகச் சொல்லப்படும் உச்சவரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 35 மி.கி. 60 கிலோ எடை உள்ளவருக்கு 2,100 மி.கி. ஆகிறது. கழுத்துக்கு 0.1 சதவீதக் கரைசல் 150 மி.லி. போட்டால் உள்ளே போவது வெறும் 150 மி.கி. கழுத்து லிப்போவை மயக்க மருந்து இல்லாமல், விழித்திருக்கும்போதே செய்ய முடிவது இதனால்தான். வயிறு, தொடை எல்லாவற்றையும் ‘பேக்கேஜ்’ போட்டுச் சேர்த்துச் செய்தால் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது அது வேறு அளவு ஆபரேஷன், வேறு அளவு ஆபத்து.

கரைசலைச் செலுத்தியபின் 15, 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். அட்ரினலின் வேலை செய்து தோல் வெளுத்தால்தான் ரத்தக்கசிவு குறையும். இங்கே அவசரப்பட்டால் பிறகு நீலம் பூத்த கழுத்தோடு பத்து நாள் இருக்க வேண்டும். பிறகு 2 முதல் 3 மி.மீ. விட்டமுள்ள முனை மழுங்கிய கேனுலா என்ற உறிஞ்சுகுழாயை விசிறி போல விரித்து ஓட்டுவார்கள். கேனுலாவின் துளை தோலைப் பார்த்து இருக்கக் கூடாது, உள்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். தோலோடு சில மி.மீ. கொழுப்பை மெத்தையாக விட்டுவைப்பது கட்டாயம். அதையும் சேர்த்து உறிஞ்சிவிட்டால் தோல் தசையோடு ஒட்டிக்கொள்ளும். தலையைத் திருப்பும்போது கயிறு இழுத்தாற்போல் வரிகள் தெரியும், நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு பக்கமும் தசைப்பட்டை புடைக்கும். ‘இன்னும் கொஞ்சம் எடுங்க டாக்டர்’ என்று கேட்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். குறைவாக எடுத்தால் இன்னொரு முறை எடுக்கலாம். அதிகமாக எடுத்ததைச் சரிசெய்வது கஷ்டம், கொழுப்பைத் திரும்ப நிரப்பினாலும் பழைய வழவழப்பு வருவது உறுதியில்லை.

கழுத்து சின்ன இடம். வெளியே வரும் கொழுப்பு பெரும்பாலும் 10 முதல் 50 மி.லி.க்குள் அடங்கும். அந்த அளவைக் கேட்டு ‘இவ்வளவுதானா’ என்று ஏமாற வேண்டாம், தாடைக்கோடு மாற அது போதும். வேலை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், அன்றே வீட்டுக்குப் போகலாம். தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். நாடியைச் சுற்றிக் கட்டும் இறுக்கப் பட்டையை முதல் வாரம் முழுநேரமும், அடுத்த இரண்டு வாரம் இரவிலும் போடச் சொல்வது வழக்கம். நாலைந்து வாரம் தோலுக்கடியில் கட்டி கட்டியாகத் தட்டுப்படும், அது இயல்பு. உண்மையான வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். அதற்கு முன் ‘சரியில்லை, திரும்பச் செய்யுங்கள்’ என்று போகக் கூடாது.

தாடை ஓரத்தில் கீழுதட்டை இயக்கும் நரம்பு ஓடுகிறது. கேனுலா அதை இடித்தால் சிரிக்கும்போது ஒரு பக்க உதடு மட்டும் கீழே இறங்காது. பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும்.

கொழுப்பு கரைக்கும் ஊசி

மருந்து டீஆக்ஸிகோலிக் அமிலம். நம் பித்தநீரில் இருக்கும் பொருள்தான், கொழுப்புச் செல்லின் சுவரை உடைக்கும். நாடிக் கொழுப்புக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015 ஏப்ரலில் இதற்கு அனுமதி தந்தது. ஒரு மி.லி.யில் 10 மி.கி., ஒரு வயல் (மருந்துக் குப்பி) 2 மி.லி. நாடிக்கடியில் 1 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் குறித்து, புள்ளிக்கு 0.2 மி.லி. போட வேண்டும். ஒரு தடவையில் அதிகபட்சம் 50 புள்ளிகள், அதாவது 10 மி.லி. குறைந்தது ஒரு மாத இடைவெளியில் 6 தடவை வரை போடலாம்.

இந்தக் கணக்கை விலைக்கும் போட்டுப் பாருங்கள். 20 புள்ளிகள் என்றால் 4 மி.லி., இரண்டு வயல். மூன்று தடவை போட்டால் ஆறு வயல். கிளினிக் சொல்லும் வயல் விலையை ஆறால் பெருக்கி, லிப்போவுக்குக் கேட்ட மொத்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். ‘ஊசி மலிவு’ என்பது முதல் தடவைக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. அதே நேரத்தில், ‘ஒரு வயலைப் பிரித்து முழுக் கழுத்துக்கும் போட்டுவிடலாம்’ என்று சொல்லும் இடத்திலும் போடக் கூடாது. மருந்து போதாமல் பலனில்லாமல் போகும்.

இதைக் கத்தி இல்லாத சுலபமான வழி என்று விற்பார்கள். வலி, வீக்கம், மரமரப்பு என்று பார்த்தால் ஒவ்வொரு தடவையும் லிப்போவுக்குச் சளைத்ததில்லை. முதல் இரண்டு மூன்று நாள் நாடிக்கடியில் பை தொங்குவது போல வீங்கும், ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மருந்துக் குறிப்பின்படி, பரிசோதனையில் 4 சதவீதம் பேருக்குத் தாடை நரம்புப் பாதிப்பும் 2 சதவீதம் பேருக்கு விழுங்குவதில் சிரமமும் வந்தன. நரம்புப் பாதிப்பு தானாகவே சரியாகியிருக்கிறது. மேலோட்டமாக, தோலுக்குள்ளேயே மருந்து போனால் புண்ணாகும். ஆண்களுக்கு ஊசி போட்ட இடத்தில் தாடி முடி உதிர்வதும் உண்டு. தாடி வைக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் பலர் இதைச் சொல்வதே இல்லை.

கொழுப்பு கொஞ்சமாக, நாடிக்கு நேர் கீழே ஒரே இடத்தில் இருப்பவருக்கு ஊசி நல்ல வழிதான். பரந்து தாடையோரம் வரை இருந்தால் வேண்டாம். வயலை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரமற்ற ‘ஃபேட் டிஸால்விங்’ ஊசிகளைப் பற்றி எஃப்.டி.ஏ.வே எச்சரித்திருக்கிறது.

குளிர் மெஷின்

ஹார்வர்டைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் ஆகியோரின் ஆய்விலிருந்து வந்தது. தோலை விடக் கொழுப்புச் செல் குளிருக்குச் சீக்கிரம் சாகும் என்பதே அடிப்படை. நாடிக்கான சின்னக் கருவிக்கு 2015-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஒரு தடவைக்குச் சுமார் முக்கால் மணி நேரம், ஒன்றரை இரண்டு மாதம் விட்டு இரண்டாவது தடவை. பலன் மிதமானது, தடவைக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நல்ல பலன். லீவு தேவையில்லை என்பதே இதன் பெரிய அனுகூலம்.

அரிதாக ஒன்று நடக்கும். கரைய வேண்டிய கொழுப்பு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கெட்டியாகி முன்னைவிடப் பெரிதாகும். மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021-ல் தனக்கு இது நேர்ந்ததாக வெளியே சொன்ன பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது. அப்படி வந்தால் தானாகப் போகாது, கடைசியில் லிப்போதான். விலை குறைந்த நகல் மெஷின்களில் வேறு ஆபத்து. வெப்பநிலைக் கட்டுப்பாடு சரியில்லாமல் தோலே உறைந்து கருகும். குளிர்பட்டால் ரத்தப் புரதம் திரளும் அல்லது சிவப்பணு உடையும் வகை நோய்கள் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

ஹைஃபு, ரேடியோ ஃப்ரீக்வென்சி

முதலாவது அல்ட்ராசவுண்ட் அலையாலும், இரண்டாவது ரேடியோ அலையாலும் தோலைச் சூடேற்றி இறுக்குபவை. கொழுப்பு நிறைய உள்ளவருக்கு இவற்றைத் தனியாகச் செய்வது வீண் செலவு. லிப்போவோடு சேர்த்து, தோல் லேசாகத் தளர்ந்தவருக்கு உள்ளே செலுத்தும் ரேடியோ ஃப்ரீக்வென்சி உதவும். சூட்டைக் கண்காணிக்கத் தெரியாத கையில் தீக்காயம் வரும்.

கழுத்து லிஃப்ட்

தோல் தொங்குகிறது, தசைப்பட்டை இரண்டாகப் பிரிந்து தெரிகிறது, வயது ஐம்பதை நெருங்குகிறது என்றால் இதைத் தவிர்க்க மேலே சொன்ன எதைச் செய்தாலும் பாதிக் காரியம்தான். காதுக்குப் பின்னாலும் நாடிக்கடியிலும் வெட்டி, தசையை நடுவில் சேர்த்துத் தைத்து, மிச்சத் தோலை எடுக்கிறார்கள். மயக்க மருந்து, மூன்று நான்கு மணி நேரம், இரண்டு வாரம் லீவு. தசைக்கடியில் உள்ள கொழுப்பையும் இதில்தான் தொட முடியும். நாடி எலும்பு உள்ளே போயிருப்பவருக்கு லிப்போவை விட நாடியை முன்னே கொண்டுவரும் இம்ப்ளான்ட் அல்லது எலும்பு ஆபரேஷன் பலன் தரும். பக்கவாட்டு போட்டோ எடுத்துப் பார்த்தாலே இது தெரியும்.

வெகோவி, மௌஞ்சாரோ போன்ற ஊசிகளால் எடை குறைப்பவர்கள் எடை நிலைத்து 3 முதல் 6 மாதம் ஆகும்வரை பொறுங்கள். சிலருக்கு நாடிச் சதை தானே வடியும், தோல் எவ்வளவு தொங்கும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

லீவு, ஹெல்மெட், கல்யாணம்

ஐ.டி. வேலையில் இருப்பவருக்கு லிப்போ என்றால் வியாழக்கிழமை செய்து, அடுத்த வாரம் வீட்டிலிருந்தே கேமராவை அணைத்து வேலை பார்த்தால் சமாளிக்கலாம். வண்டி ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹெல்மெட் பட்டை சரியாக ஆபரேஷன் ஆன இடத்தில்தான் அழுந்தும். இறுக்கப் பட்டை அகலமாகச் சீராக அழுத்துகிறது; ஹெல்மெட் பட்டை ஒரே கோட்டில் வெட்டுகிறது. ஒரு வாரம் பத்து நாள் மெட்ரோவோ கேபோ பிடியுங்கள், ஊசி போட்ட வாரத்துக்கும் இது பொருந்தும். வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பாவது லிப்போவை முடித்துவிடுங்கள். ஊசி என்றால் ஆறு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸில் கிடைக்காது. அழகு சிகிச்சைக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் நிலையான விலக்குப் பட்டியலில் தனிக் குறியீடே உண்டு. மருத்துவத்துக்கான ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்கு இல்லை. சொல்லும் தொகையில் வரி, பட்டை, மருந்து, திரும்ப வரும் விசிட் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள்.

இடமும் ஆளும்

2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு எடுக்கும் சிகிச்சைக்குப் போன 21 வயதுச் சின்னத்திரை நடிகை இறந்துபோனார். அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பயிற்சிப் பட்டறையில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் அழகு அறுவை சிகிச்சைக்குப் பயிற்சி ஆகாது என்று வழிகாட்டுதலில் எழுதியது. டாக்டரின் பிளாஸ்டிக் சர்ஜரி பட்டத்தையும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்கள். கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப் பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்க வேண்டும். ஆக்சிஜன், உறிஞ்சும் கருவி இரண்டோடு, மரத்துப்போகும் மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டால் கொடுக்கும் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் படுக்க வேண்டாம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், பெங்களூரில் தமிழ் தெரிந்த நர்ஸ் கிடைக்காத ஆஸ்பத்திரி குறைவு.

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ எல்லாவற்றையும் முதல் விசிட்டிலேயே சொல்லிவிடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். சர்க்கரை உள்ளவர் ஹெச்.பி.ஏ.1.சி. (இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும்.

ஆபரேஷன் ஆன முதல் இரவு, எலெக்ட்ரானிக் சிட்டியிலோ கே.ஆர்.புரத்திலோ இருப்பவர் ஊர் நடுவில் உள்ள கிளினிக்கில் செய்துகொண்டு வீட்டுக்குப் போவதை விட, அருகில் உள்ள உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. கழுத்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல் போல வீங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சுத் திணறினாலோ உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். பட்டையைக் கழற்றிவிட்டு, 24 மணி நேரமும் ஐ.சி.யூ. இயங்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டருக்கு வழியிலிருந்து போன் செய்துகொள்ளலாம்.