கேசட், சிடி, பிளேலிஸ்ட்: மூன்றிலும் பாட்டுத் தொகுத்த அனுபவம்

பிடித்த பாட்டுகளைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கம் எனக்குக் கேசட் காலத்தில் வந்தது, இன்னும் விடவில்லை. மூன்றையும் பல வருஷம் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சேர்த்து வைக்க பிளேலிஸ்ட் வசதி, ஒருவருக்கென்று செய்து கொடுக்கக் கேசட்டை அடிக்க ஆளில்லை.

பிலிப்ஸ் 1963இல் கொண்டுவந்த கேசட்டில் நான் வாங்கியது பெரும்பாலும் 90 நிமிட ரகம், பக்கத்துக்கு 45 நிமிடம். 120 நிமிடக் கேசட்டும் உண்டு. டேப் மெல்லிசு, சீக்கிரம் சிக்கிக்கொள்ளும் என்பதால் அதைத் தொடமாட்டேன். பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தால் அதற்குள் அடங்கும் பாட்டைத் தேடியாக வேண்டும், இல்லாவிட்டால் சரணத்தின் நடுவில் டேப் தீர்ந்துவிடும். மறந்தே போயிருந்த எத்தனையோ சின்னப் பாட்டுகள் அப்படித்தான் உள்ளே வந்தன. கேசட்டிலிருந்து கேசட்டுக்குச் சாதாரண வேகத்தில் பதிய, பாட்டு ஓடும் நேரம் முழுக்க பக்கத்திலேயே உட்கார வேண்டும். வாங்கப்போகிறவருக்கு இது பிடிக்குமா என்று ஒவ்வொரு பாட்டிலும் யோசிக்க நேரம் கிடைத்தது. முடிந்ததும் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் யாரும் தெரியாமல் அழித்துவிட முடியாது. மனம் மாறினால் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் சரி, மறுபடி பதியலாம்.

சிடியில் 80 நிமிடம் கிடைத்தது. சில நிமிடங்களில் எழுதி முடித்துவிடலாம். எம்பி3யாகப் போட்டால் நூறு பாட்டுக்கு மேலேயே அடங்கும். இடம் தாராளமானதும் தேர்வும் தளர்ந்தது. வீட்டில் எழுதிய சிடிகளில் சில இப்போது திக்கித் திணறுகின்றன. உள்ளே இருக்கும் சாயப் பூச்சு வருஷக்கணக்கில் கெட்டுப்போகும்.

பிளேலிஸ்டின் அருமையை அக்கா மகளிடம்தான் பார்த்தேன். அவளும் தோழிகளும் ஒரே பட்டியலில் ஆளுக்கொரு பாட்டாகச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒருத்தி சோகப் பாட்டுப் போட்டால் அடுத்தவள் அதற்குப் பதிலாக ஒன்று போடுகிறாள். எங்களுக்கு இப்படியொரு வாய்ப்பே இருந்ததில்லை. ஆனால் ஒரு பாட்டைப் போட அந்தச் செயலிக்கு இருக்கும் உரிமம் முடிந்தால், அந்தப் பாட்டு பட்டியலிலிருந்து காணாமல் போகிறது. அதனால் பாட்டு, பாடியவர் பெயர்களைத் தனியாக எழுதி வைப்பது நல்லது.

இப்போது நானும் பிளேலிஸ்ட்தான் அனுப்புகிறேன், 45 நிமிடத்துக்கு மிகாமல். ஒவ்வொரு பாட்டையும் ஏன் சேர்த்தேன் என்று ஒரு வரி எழுதிவிடுவேன். அப்புறம், முதல் தடவை மட்டும் ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்வேன்.