பஃபின் பார்க்க ஐஸ்லாந்தா, நியூபவுண்ட்லாந்தா?

வட அட்லாண்டிக் கரையில் பஃபின் என்ற குட்டிக் கடற்பறவையைப் பார்க்க வேண்டும், கையில் இருப்பதோ ஒரு வார லீவு என்றால், எனக்குத் தெரிந்து இழுபறி இந்த இரண்டு இடங்களுக்குள்தான்: ஐஸ்லாந்தின் மேற்குக் கோடியில் உள்ள லாத்ராப்யர்க், கனடாவில் நியூபவுண்ட்லாந்தின் அவலோன் தீபகற்பம்.

லாத்ராப்யர்க் 14 கிலோமீட்டர் நீளப் பாறைச் சுவர். உயரமான இடத்தில் 441 மீட்டர். பஃபின்கள் விளிம்பின் புல்தரையிலேயே வளை தோண்டிக் குடியிருப்பதால் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஆபத்தும் அந்த வளைகளால்தான். மேலே புல், உள்ளே பொந்து. நின்றால் மண் சரியலாம். குப்புறப் படுத்து ஊர்ந்துதான் எட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் படுத்திருக்கும்போது ஒரு பஃபின் ஆரஞ்சுக் கால்களை விரித்தபடி வந்து தொப்பென்று இறங்கும், தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும், அப்புறம் நம்மைச் சட்டை செய்யாமல் வளைக்குள் போய்விடும். பகலில் பல பறவைகள் கடலுக்குப் போய்விடும் என்பதால் சாயங்காலம் போங்கள். ஜூனில் இருட்டுமே என்ற கவலை இல்லை.

குறை, வழிதான். தலைநகர் ரெய்க்யவிக்கில் இருந்து கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம், கடைசிப் பகுதி குண்டும் குழியுமான சரளைச் சாலை. ஆகஸ்ட் பாதியில் பஃபின்கள் கிளம்பிவிடும்.

அவலோன் வேறு மாதிரி. நியூபவுண்ட்லாந்தின் முக்கிய நகரமான செயின்ட் ஜான்ஸில் இருந்து அரை மணி நேரத்தில் பே புல்ஸ் என்ற ஊர். அங்கே படகு ஏறினால் விட்லெஸ் பே தீவுகள். 2,60,000 ஜோடிக்கு மேல் பஃபின்கள். ஆனால் தீவில் இறங்க அனுமதி இல்லை, படகில் இருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் கைப்பிடி அளவுதான். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் கேப்பலின் மீன்கள் முட்டையிடக் கரைக்கு வர, பின்னாலேயே கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வாயைப் பிளந்துகொண்டு வரும். ஜூனில் போனால் பனிமலை மிதப்பதையும் பார்க்க வாய்ப்புண்டு. தெற்கே கேப் செயின்ட் மேரிஸில் கேனட் பறவைகள் அடைந்து கிடக்கும் தனிப் பாறை, நாம் நிற்கும் இடத்தில் இருந்து ஒரு தாண்டல் தூரம்தான். கண்ணுக்குப் படுவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்!

ஒரு பறவையோடு நெருங்கிப் பழக லாத்ராப்யர்க்கை மிஞ்ச முடியாது. ஆனாலும் ஒரே ஒரு பயணம் என்றால் என் ஓட்டு நியூபவுண்ட்லாந்துக்குத்தான். பஃபின் ஏமாற்றினாலும் திமிங்கிலம் இருக்கிறது. பக்கத்தில் பார்த்தே ஆக வேண்டுமா, சரி, செயின்ட் ஜான்ஸில் இருந்து மூன்று நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி எலிஸ்டன் என்ற ஊருக்குப் போங்கள். படகே வேண்டாம், கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். இருட்டிய பின் மட்டும் ஓட்டாதீர்கள், சாலையில் மூஸ் மான் குறுக்கே வந்து நிற்கும். படகுக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். மூடுபனி இறங்கினால் ஒரு நாள் அப்படியே போய்விடும்.