கண்ணாடியில் சான்று, கையேட்டில் நிபந்தனை: பழைய கார் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

2025 மார்ச் மாதம் கோயம்புத்தூரில், பெரிய கார் நிறுவனம் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற பழைய கார் விற்பனை நிலையத்தில், 2018-ஆம் ஆண்டு பதிவான ஆட்டோ கியர் கார் ஒன்றை 5,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். தெரிந்த புரோக்கர் ஒருவர் ஏறத்தாழ அதே நிலையில் இருந்த அதே மாதிரிக் காரை எழுபதாயிரம் ரூபாய் குறைவாக முடித்துத் தருவதாகச் சொன்னார். அவரை நான் தவிர்த்ததற்கு ஒரே காரணம், ஷோரூம் காரின் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்த ‘சான்றளிக்கப்பட்டது’ என்ற வில்லையும், அதனுடன் வரும் ஆறு மாத வாரண்டியும்தான். அந்த எழுபதாயிரமும் காருக்காக நான் கொடுத்ததல்ல, வாரண்டிக்காகக் கொடுத்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதலில் கட்டணங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விலை பேசி முடித்து, இருபதாயிரம் ரூபாய் அட்வான்ஸும் கட்டிய பிறகே, ‘ஆவண மாற்றம் மற்றும் கையாளுதல்’ என்ற தலைப்பில் 12,500 ரூபாயும், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 2,250 ரூபாயும், ஆக 14,750 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். விவரம் கேட்டபோது, “எல்லாமே ஆர்டிஓ செலவு சார்” என்ற ஒரு வரிதான் பதிலாகக் கிடைத்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சொந்த உபயோகக் கார் ஒன்றின் உரிமையாளர் பெயரை மாற்ற 300 ரூபாயும், ஸ்மார்ட் கார்டு வடிவிலான ஆர்சிக்கு (பதிவுச் சான்றுக்கு) 200 ரூபாயும்தான் கட்டணம். மாநில அரசின் சேவைக் கட்டணம் இவற்றோடு சேரும். கடன் வாங்கி எடுத்தால் அதைப் பதிவு செய்ய 1,500 ரூபாய் கூடும்; நான் கடன் வாங்கவில்லை. அலைச்சலுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கேட்டிருந்தால் மறுப்பேதும் சொல்லாமல் கொடுத்திருப்பேன். கேட்டதோ பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, அதுவும் அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி.

ஜிஎஸ்டி குறித்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய கார்களை வாங்கி விற்கும் பதிவு பெற்ற வணிகர், தாம் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே வரி செலுத்துகிறார். 2025 ஜனவரி 25 முதல் எல்லா வகைக் கார்களுக்கும் அந்த வரி 18 சதவீதம். ஆகவே காரின் முழு விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், கையெழுத்திடாமல் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு அது நடக்கவில்லை. அதே நிலையத்தில் எனக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒரு பெரியவருக்கு அப்படித்தான் வாய்மொழியாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பணம் வாங்கிய வேலையையாவது நேரத்தில் முடித்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஆர்சி என் பெயருக்கு மாற 52 நாட்கள் ஆயின. வண்டி கைமாறிய 30 நாட்களுக்குள் வாங்கியவர் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்கிறது. காப்பீட்டை என் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது 157-ஆம் பிரிவு. இரண்டுமே தவறின. அந்த நாட்களில் என் காருக்குச் சேதம் ஏற்பட்டிருந்தால், பழைய உரிமையாளர் பெயரில் இருந்த பாலிசியில் இழப்பீடு பெற நான் படாத பாடு பட்டிருப்பேன். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் அவருக்குக் கிடைத்த தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் எனக்கு உரியதல்ல என்பதால், அந்தச் சலுகைக்கான தொகையை நான் பிறகு தனியாகக் கட்ட நேர்ந்தது. இதை யாரும் முன்பே சொல்லவில்லை.

டெலிவரி நாளை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. காரின் மேல் சிவப்புத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். கேக் வெட்டச் சொன்னார்கள். என் மனைவி கையில் பெரிய அட்டைச் சாவி ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு பானெட்டின் மீதே தாள்களைப் பரப்பி, பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். மொத்தம் பதினொன்று. அவற்றில் ஒன்று, ‘வாகனத்தை முழுமையாகச் சோதித்து, இப்போதுள்ள நிலையிலேயே திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாள். எல்லாம் முடிந்த பின்பு, பிளாஸ்டிக் உறையில் இனிப்புப் பெட்டியுடன் சேர்த்துத் தந்தார்கள், அந்த வாரண்டிக் கையேட்டை. பணம் முழுவதையும் கட்டி 17 நாட்கள் ஆன பிறகுதான் எதற்காகப் பணம் கட்டினேன் என்பதைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அன்றும் நான் படிக்கவில்லை என்பது என் தவறு.

மே மாதம் இரண்டாம் வாரம், மேம்பாலப் பணி நடந்துகொண்டிருந்த அவிநாசி சாலையில், ஹோப் காலேஜ் சிக்னலில் கார் நின்றது. கியர் எண் தெரியும் இடத்தில் எண் மறைந்து எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியதே தவிர, எந்தக் கியரும் விழவில்லை. பின்னால் நின்ற பேருந்தின் ஹாரன் ஒலியில், இரண்டு கட்டுமானத் தொழிலாளர்கள் கைகொடுக்க, காரை ஓரமாகத் தள்ளினோம். டெலிவரி எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓடியது 1,900 கிலோமீட்டர்.

இவ்வகைக் கார்களில் கியர்பாக்ஸ் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ‘ஆக்சுவேட்டர்’ என்ற ஹைட்ராலிக் அமைப்பு செய்கிறது. அதில் எண்ணெய் அழுத்தம் இறங்கிவிட்டதாக ஒர்க்‌ஷாப்பில் கண்டுபிடித்தார்கள். மாற்றுவதற்கு 43,600 ரூபாய் ஆகும் என்றார்கள். வாரண்டியைக் காட்டினேன். சர்வீஸ் அட்வைசர் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து, நகத்தால் ஒரு வரியைக் கோடிட்டுக் காட்டினார்: எஞ்சின், கியர்பாக்ஸ் ஆகியவற்றில் ‘எண்ணெயில் இயங்கும் உட்பாகங்களுக்கு’ மட்டுமே வாரண்டி. “கியர்பாக்ஸுக்குத்தான் சார் வாரண்டி. இது கியர்பாக்ஸுக்கு வெளியே மாட்டியிருக்கு” என்றார். அப்படியானால் இதை ஆட்டோ கியர் கார் என்று விற்றீர்களே, அந்த ‘ஆட்டோ’ எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். மேனேஜரிடம் பேசச் சொன்னார்.

கையேட்டை அன்றிரவுதான் முழுவதும் படித்தேன். கிளட்ச், ஏசி, சஸ்பென்ஷன், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், சென்சார்கள் எதற்கும் வாரண்டி இல்லை. வேறு எங்காவது ஆயில் மாற்றினால் முழு வாரண்டியும் ரத்து. ஆறு மாதம் அல்லது 7,500 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. அந்த ஆறு மாதமும் டெலிவரி தேதியிலிருந்து அல்ல, பில் தேதியிலிருந்து தொடங்குகிறது. கார் அவர்கள் வளாகத்திலேயே நின்ற 17 நாட்களும் என் கணக்கில் கழிந்திருக்கின்றன.

சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கினேன். நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள். எல்லாவற்றிலும் ஒரே பேனாவால், ஒரே வேகத்தில் போடப்பட்ட ‘சரி’ குறிகள். ஆட்டோ கியர் இயக்கம் என்ற வரிக்கு எதிரிலும் அதே குறிதான். கீழே சோதித்தவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. எனக்கு வாரண்டி மறுக்கப்பட்டதைவிட இந்தக் காலியிடம்தான் அதிகம் உறுத்தியது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அவர்களால் உத்தரவிட முடியாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் பெற்றுத் தருவார்கள். அதற்கே பலன் இருந்தது. அதுவரை தொலைபேசியை எடுக்காத மேனேஜர் தாமாகவே அழைத்து, ‘நல்லெண்ண அடிப்படையில்’ 8,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார். தயாராக வைத்திருந்த கடிதத்தில், இனி வாரண்டி உட்பட எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்ற வரியும் இருந்தது. கையெழுத்திட மறுத்து வந்துவிட்டேன். உங்களிடமும் இப்படி ஒரு கடிதம் நீட்டப்பட்டால், அதன் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இணையவழியாகப் புகார் தாக்கல் செய்தேன். நான் செலுத்திய விலை ஐந்து முதல் பத்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், போதிய சோதனை செய்யாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் தருவதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. பெயர் இல்லாத அந்தச் சோதனை அறிக்கையை நான் முதல் ஆவணமாக இணைத்ததற்கு இதுவே காரணம்.

வாங்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வாரண்டிக் கையேட்டின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் காருக்கு வாரண்டி இல்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். எந்தப் பாகத்துக்குக் கிடையாது என்பதைப் பேச்சில் அல்லாமல் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்டுப் பதில் வாங்குங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள்.

கார் இல்லாமல் அலுவலகம் போக முடியாது என்பதால் 43,600 ரூபாயைக் கொடுத்து, ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று ஜாப் கார்டில் (ஒர்க்‌ஷாப்பின் பழுதுபார்ப்புத் தாளில்) எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். கழற்றிய பழைய ஆக்சுவேட்டரைத் தர முதலில் தயங்கினார்கள். பணம் கொடுத்தது நான், பாகமும் என்னுடையது என்று நின்று வாங்கி வந்தேன். ஆணையம் நிபுணர் சோதனைக்கு உத்தரவிட்டால் காட்ட வேண்டுமே. எண்ணெய் கசியும் அந்த இரும்புத் துண்டு, அரிசிச் சாக்கில் சுற்றப்பட்டு, எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.