கியரா, செயினா: எந்த விஎஃப்ஆர்800 வாங்கலாம்?

பழைய ஹோண்டா விஎஃப்ஆர்800 பைக் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, 1998 முதல் 2001 வரை வந்த எஃப்ஐ மாடல். இன்னொன்று, 2002-இல் வந்த விடெக் மாடல். நான் எஃப்ஐ வாங்கினேன், இன்றைக்கும் அதையே சொல்வேன்.

இரண்டிலும் அதே 781 சிசி வி4 எஞ்சின், ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம், முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் பிரேக். நெடுந்தூரம் போக இரண்டுமே சுகம். விடெக்கில் டேங்க் ஒரு லிட்டர் பெரியது, ஏபிஎஸ் வைத்த வண்டியும் கிடைக்கும். ஏபிஎஸ் கட்டாயம் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், விடெக்தான்.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது எஞ்சினின் தலைப்பகுதியை. 1980-களின் தொடக்கத்தில் வந்த விஎஃப் எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் தேய்ந்து ஹோண்டாவின் பெயர் கெட்டது. அந்தப் பெயரை மீட்கத்தான் 1986-இல் விஎஃப்ஆர்750 வந்தது. அதில் கேமைச் சுழற்றச் செயினுக்குப் பதில் கியர். எஃப்ஐ வரை அதுவே தொடர்ந்தது. கியர் செயின் போல நீளாது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் என்ற பாகமே இல்லாததால் அது தளர்ந்து கடகடக்கும் பேச்சுக்கும் இடமில்லை. ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது சைலன்சர் சத்தத்துக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று ஏறும் பாருங்கள், அது இந்தக் கியர்களின் குரல்.

விடெக்கில் ஹோண்டா மறுபடி செயினுக்கே போனது. கூடவே இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வுதான் வேலை செய்யும். 7,000 ஆர்பிஎம்மை நெருங்கும்போது நான்கும் திறக்கும். வால்வு இடைவெளியைச் சோதிக்கும்போது மொத்தம் 16 வால்வில் எட்டுக்கு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் மட்டும் போதாது. வால்வை அழுத்தும் டேப்பெட்டுக்குள் இருக்கும் பின்னைத் தனி டூல் வைத்துப் பூட்டினால்தான் சரியான இடைவெளி தெரியும். அந்த டூலும் பொறுமையும் உள்ள மெக்கானிக் கிடைக்க வேண்டும், கூலியும் கூடும். எஃப்ஐயில் இந்தத் தலைவலி இல்லை. இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடான ஷிம்மை மாற்றக் கேமைக் கழற்றினாலும், கியரில் உள்ள குறிகளை ஒன்றுக்கொன்று நேராக்கிப் பொருத்தினால் போதும்.

விடெக்கை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை, நண்பருடையதை ஓட்டியதோடு சரி. நான்கு வால்வும் திறக்கும் அந்த நொடியில் சத்தம் மாறி வண்டி பாயும், நேர்ச்சாலையில் அது நன்றாகவே இருந்தது. வளைவின் நடுவில் வந்தபோது பிடிக்கவில்லை. 2006-இல் அந்த மாற்றத்தை மென்மையாக்கினார்கள், அதனால் விடெக்தான் என்றால் அதற்குப் பிந்தையதைத் தேடுங்கள்.

எதை வாங்கினாலும், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்தான் இரண்டு மாடலுக்கும் பலவீனம். பார்க்கப் போகும்போது அதன் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், மின்சாரம் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டரையும் சேர்த்துச் சோதித்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.