பைத்தானில் தேதி மாற்ற நாலு வழி

05/03/2024 என்றால் நமக்கு மார்ச் 5. அமெரிக்கருக்கு மே 3. ஒருமுறை ரசீதுப் பட்டியல் ஒன்றை 2024-03-05 என்ற வடிவத்துக்கு மாற்ற பைத்தான் நிரல்மொழிக்கான டேட்யூட்டில் என்ற தயார் நிரல் தொகுப்பைப் பிடித்தேன். எந்த எழுத்து வந்தாலும் அதுவே புரிந்துகொள்ளும் என்றார்கள். புரிந்துகொண்டது, அமெரிக்கர் மாதிரி.

அது மாதத்தைத்தான் முதலில் தேடும். 25/03/2024 வந்தால் 25-ஆம் மாதம் கிடையாதே என்று சத்தமில்லாமல் நாளாக எடுத்துக்கொள்ளும். ஆக, 13-ஆம் தேதி முதல் எல்லாம் சரி. 1 முதல் 12 வரைதான் வம்பு. 1/1, 2/2 போன்றவற்றைக் கழித்தால் வருடத்துக்கு 132 தேதிகள் இடம் மாறும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. சரி, நாள்தான் முதலில் என்று சொல்லும் 'டேஃபர்ஸ்ட்' என்ற விருப்பத்தைப் போட்டால்? நம்மூர்த் தேதிகள் சரியாகிவிடும். ஆனால் அதே பட்டியலில் ஒழுங்காக 2024-03-05 என்று எழுதிய வரி இருந்தால், அதை மே 3 ஆக்கிவிடும்! 'மார்ச் 2024' என்று ஆங்கிலத்தில் நாள் இல்லாமல் கொடுத்தால், இன்றைய தேதியின் நாளை எடுத்து ஒட்டிக்கொள்ளும்.

பெரிய அட்டவணைகளைக் கையாளும் தொகுப்பான பாண்டாஸிலும் 2.0 பதிப்புக்கு முன்பு இதே கூத்துதான், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி ஊகம். 2023-இல் வந்த 2.0 முதல், முதல் வரியைப் பார்த்து வடிவத்தை முடிவுசெய்து மற்றவற்றையும் அதன்படியே படிக்கிறது. முதல் வரி 05/03, அடுத்தது 25/03 என்றால் பிழை காட்டி நின்றுவிடும். வரிசையைத் திருப்பினால் ஓர் எச்சரிக்கையோடு சரியாக ஓடும். வரிசையைப் பொறுத்து விடை மாறும் வேலையை நான் நம்பமாட்டேன். லட்சக்கணக்கான வரிகளுக்கு பாண்டாஸ் வேண்டும்தான். வடிவத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

என் ஓட்டு பைத்தானோடு வரும் ஸ்ட்ர்ப்டைம் என்ற கட்டளைக்கு. நாள், மாதம், ஆண்டு எந்த வரிசை என்று நாம் சொல்ல வேண்டும், பொருந்தாவிட்டால் வேல்யூஎரர் என்ற பிழை காட்டி நின்றுவிடும். அதற்கும் குறும்பு உண்டு. வடிவத்தை ஆங்கில எழுத்துகளால் குறிக்க வேண்டும்: சிறிய 'எம்' மாதம், பெரிய 'எம்' நிமிடம். மாற்றிப் போட்டால் மார்ச் 5 ஜனவரி 5 ஆகி, மணி நள்ளிரவு 12.03 ஆகும். இரண்டு இலக்க ஆண்டில் 69 என்றால் 1969, 68 என்றால் 2068. தாத்தா பிறந்த தேதிகளை மாற்றும்போது கவனம்.

தேதி ஏற்கெனவே 2024-03-05 போன்ற ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர) வடிவில் இருந்தால் பைத்தானிலேயே உள்ள ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட் போதும், வேகமும் அதிகம். கடைசியில் 'இசட்' (உலகப் பொது நேரம் என்பதன் குறி) ஒட்டிய நேரங்களுக்கு பைத்தான் 3.11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

அப்புறம் அந்த ரசீதுப் பட்டியலை எப்படித்தான் முடித்தேன்? இரண்டு வடிவங்களை ஸ்ட்ர்ப்டைமில் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று, இரண்டிலும் தோற்ற வரிகளைத் தனிக் கோப்பில் தள்ளி, அவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன்.