மதுரையா, தஞ்சாவூரா? காரைக்குடியிலிருந்து ஒரு நாள்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து முடித்ததும் விருந்தாளிகள் கேட்பது இதைத்தான்: பாண்டியர் தலைநகருக்குப் போகலாமா, சோழர் தலைநகருக்கா?

பயணம்: இரண்டுமே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மதுரை வழியில் பிள்ளையார்பட்டி, தஞ்சை வழியில் திருமயம் கோட்டை.

கோயில்: மீனாட்சி கோயிலில் நிழலான பிராகாரங்கள், கூட்டம் அதிகம், செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போகணும். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது. பரந்த வெட்டவெளி என்பதால் பதினோரு மணிக்கே கல்தரை காலைச் சுடும். ஆனால் கல்வெட்டுகளை விட்டுவிடாதீர்கள். கோயிலில் ஆடிப்பாடிப் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, வீடு இருந்த வரிசையோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பெயர்கள் அழியவில்லை; எனக்கு விமானத்தின் உயரத்தைவிட இதுதான் பெரிது.

அரண்மனை: மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள். தஞ்சை அரண்மனையில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள், சரஸ்வதி மகால் நூலகம்.

மாலை: இதில் மதுரைதான். ஜிகர்தண்டா, சுங்குடிச் சேலை, தூங்காத கடைத்தெரு.

அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? மதுரை. சிற்பம், வரலாறு என்று நின்று பார்க்கிற பிள்ளைகள் இருந்தால் தஞ்சாவூர். எதுவானாலும் விடியற்காலையே கிளம்பிவிடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள்.